மூன்றாவது வினைச்சொல்

சைதாப்பேட்டை ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில்
இருபத்தாறு படிகளும் ஒரே உயரம்.
இருபத்தேழாவது மட்டும்
இரண்டு விரற்கடை கூடுதல்.
போனைப் பார்த்துக்கொண்டு ஏறுகிறவருக்கும்
காலுக்குள் ஒரு கணக்கு உண்டு;
அங்கேதான் அது தப்புகிறது.
தடுக்கியபின் திரும்பி
படியை ஒரு முறை முறைக்கிறார்கள்.

ஆங்கில வாக்கியமும் அப்படித்தான் என்று
யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
கோர்ட்டுக்கு எதிரே
ஆறடிக்கு எட்டடி டைப்பிங் கடை, பதினோரு வருஷம்.
திரையில் நீலக்கோடு நெளியும்.
ஏன் என்று சொல்லாது.
‘ஐ லைக் குக்கிங், ரீடிங் அண்ட் டு ஸ்விம்’
என்று ஒரு பையனின் பயோடேட்டா.
இரண்டு ‘இங்’ வரிசையாக வந்து
மூன்றாவதாக ஒரு ‘டு’ தலையை நீட்டியது.
ஸ்விம்மிங் என்று மாற்றினேன், கோடு போயிற்று.
நீச்சல் தெரியுமா தம்பி என்றேன்.
தெரியாதாம். சும்மா போட்டதாம்.

தமிழில் இந்தத் தொல்லை நமக்கு உறைப்பதில்லை.
சமைக்கவும் படிக்கவும் நீந்தவும்:
பந்தியில் ஆளுக்கொரு வடை மாதிரி
ஆளுக்கொரு ‘உம்’.
சமைக்கவும் படிக்கவும் நீச்சலும் என்றால்
காதே முகம் சுளிக்கும்.
அங்கே மொத்தப் பந்திக்கும் ஒரே ஒரு ‘அண்ட்’.
அதுவும் கடைசி ஆளுக்கு முன்னால்தான் வரும்.
அதனால் உடுப்பாவது ஒன்றாக இருக்க வேண்டும்,
ஷிப்ட் விட்டு வரும் பெண்களின்
நீலக் கோட்டுகள் போல.

பிழைப்புக்கு இந்த இலக்கணம் போதும் என்றிருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய், தூறல்.
நீலக் கோட்டைக் கழற்றாமலே வந்தாள் ஜெசிந்தா.
கிண்டியில் சட்டை தைக்கும் கம்பெனி,
காஜா மெஷின்.
தலைமை ஆபீஸ் பெங்களூரில், தமிழ் படிக்காதாம்.
கோடு போட்ட நோட்டுத்தாளில்
தெரிந்த ஆங்கிலத்தில் தானே எழுதியிருந்தாள்:
‘சூப்பர்வைசர் ஷௌட்ஸ், கட்டிங் அவர் பே, அண்ட் டு டச்.’

கை பழக்கத்தில் ஓடிற்று.
ஷௌட்ஸ். கட்ஸ். டச்சஸ்.
மூன்றுக்கும் ஒரே வால்.
தமிழிலும் சொல்லிக் காட்டினேன்:
கத்துகிறார், சம்பளம் பிடிக்கிறார், தொடுகிறார்.
கோடு இல்லை.
எண்ணெய் விட்ட மெஷின்போல ஓடியது வாக்கியம்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
“தப்பா இருக்கா?”
“தப்பு இல்லக்கா, சரியாத்தான் இருக்கு.
ஆனா மூணும் ஒண்ணா நிக்குதே.
கத்துறது எல்லா லைன்லயும் கத்துறான்.
காசு புடிக்கிறதும் எப்பவும் நடக்குறதுதான்.
மூணாவது வேறக்கா.”

பின்னால் வாடகை ஒப்பந்தத்தோடு நின்றவர்
தொண்டையைச் செருமினார்.
ஃபேன் சுற்றியது.
விதி பொய் சொல்லவில்லை.
ஒரே எடையுள்ளவற்றுக்குத்தான் அது விதி;
எடையைப் பார்க்காமல் நான்தான்
ஒரே தட்டில் அள்ளிப் போட்டிருந்தேன்.

இரண்டே வினைகள், நடுவில் ஒரு ‘அண்ட்’.
முற்றுப்புள்ளி.
ஒரு வரி காலி விட்டேன்.
பெங்களூரில் படிக்கிறவர் கால்
அங்கே தடுக்கட்டும்.
‘ஹி டச்சஸ்’ என்று அடித்துவிட்டு நிறுத்தினேன்.
“மீ-யா, அஸ்-ஸா?”

கோட்டின் பட்டனைத் திருகியபடி யோசித்தாள்.
“அஸ்.
நாலு பேரு கையெழுத்துப் போடுவாங்க.”

நான்கு காப்பி, இருபது ரூபாய்.
டிபன் பைக்குள் பிளாஸ்டிக் கவரில் செருகிக்கொண்டு
படியிறங்கியவள் திரும்பி வந்தாள்.
குப்பைக்கூடையைக் காட்டினாள்.

“அந்தத் தாளையும் குடுங்கக்கா.
அது நான் எழுதுனது.”